மைக்கம்மாவின் ஜெபக் குறிப்பு

சபையில் யார் ஜெபிக்க எழுந்தாலும் மைக்கை அவர் வாய்க்கு நேராக நகர்த்தி வைப்பார்கள். இவள் எழுந்தால் மட்டும் அதைத் தூக்கிக்கொண்டு போய் ஓரமாக வைத்துவிடுவார்கள். ஒருமுறை மறந்துபோய்ப் பக்கத்திலேயே விட்டுவிட்டார்கள். பாவம், அந்த ஒலிபெருக்கி பத்து வார்த்தை வரைக்கும் தாக்குப்பிடித்தது. பிறகு கரகரவென்று இருமிவிட்டு ஓய்ந்துபோனது. அன்றைக்கு விழுந்த பெயர்தான் மைக்கம்மா. இப்போது பாஸ்டரே அப்படித்தான் கூப்பிடுகிறார். ஞானஸ்நானத்தில் வைத்த பெயரைக் கேட்டால் அவள் கணவரே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்.

குரல் பெரிதாக இருக்கிறவர்களுக்கு மனசு சின்னதாக இருக்கும் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். மைக்கம்மா விஷயத்தில் அது தப்பு. பிள்ளைக்குப் பரீட்சை, மருமகளோடு சண்டை, வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்கிறார், எதுவானாலும் அவளிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னவர் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குவார். இவள் அடுப்படியில் நின்றுகொண்டு மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பாள். சபையில் பாதிப் பேர் தங்கள் ஜெபத்தை இவளிடம் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள் என்று பாஸ்டரம்மா சொல்லிச் சிரிப்பார்.

பிழைப்பு ஒரு ட்ரை கிளீனிங் கடையில். முன்பக்கம் கண்ணாடிக் கதவும் மேஜையும், பாலித்தீன் உறை போட்டுத் தொங்கும் கோட்டுகளுமாகப் பார்க்கப் பளிச்சென்று இருக்கும். பின்பக்கம் போனால்தான் கடையின் உண்மையான முகம் தெரியும். நீளமான அறை, ஈரச் சுவர், மண்ணெண்ணெயும் ஸ்பிரிட்டும் கலந்த வாடை, நடுவில் நீராவி இஸ்திரி. காலால் ஒரு மிதி மிதித்தால் மேல்பலகை வந்து மூடிக்கொள்ளும், புஸ்ஸென்று ஆவி கிளம்பும், அறையே கொஞ்ச நேரம் காணாமல் போகும். அந்த ஆவிக்குள் நின்றுதான் மைக்கம்மா வேலை செய்வாள். சட்டையின் காலரை நீவும்போது அதைப் போடப்போகிறவருக்காக ஒரு வரி ஜெபிப்பாள். "இந்தக் கழுத்துக்கு இன்னைக்கு ஒரு கஷ்டமும் வரக்கூடாது ஆண்டவரே." இஸ்திரியின் இரைச்சலையும் மீறி அது வாசல் வரைக்கும் கேட்கும். சட்டை வாங்க வந்தவர்கள் திடுக்கிட்டுக் கழுத்தைத் தடவிப் பார்ப்பதும் உண்டு.

அதே அறையின் கோடியில், ஜன்னலை ஒட்டி, கறை எடுக்கிற பலகை. அதற்குச் சொந்தக்காரி கறையக்கா. துணி இயந்திரத்துக்குள் போகும் முன்னால் அவள் கைக்கு வந்தாக வேண்டும். கறையைப் பார்ப்பாள், முகர்வாள், நகத்தால் லேசாகச் சுரண்டுவாள். தேநீரா, மையா, துருவா, ரத்தமா என்று முடிவு செய்த பிறகுதான் எந்தப் புட்டியைத் திறப்பது என்பதே. தப்பான புட்டியைத் திறந்தால் கறை போகாது, துணி போய்விடும். மைக்கம்மாவைவிடச் சில வருஷம் மூத்தவள். வார்த்தையைச் சீவி வைத்திருப்பாள். எந்தக் கோயிலுக்கும் போகாதவள். கேட்டால், "எல்லா சாமியோட ஆளுங்க துணியும் எங்கிட்டதான் வருது, அது போதும்" என்பாள். பிள்ளைகள் கைக்குழந்தையாக இருந்த காலத்திலிருந்து இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். ஒருத்தி வராத நாளில் இன்னொருத்திக்குச் சோறு இறங்காது.

அப்படி ஒரு மத்தியான வேளையில்தான் கறையக்கா சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு, வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"ஒண்ணு சொல்றேன். மூச்சு விடக் கூடாது."

"சொல்லுங்கக்கா."

"இடது கண்ணு மங்கிடுச்சு. புரையாம். அந்தக் கண்ணால பார்த்தா பழுப்பும் கருப்பும் ஒண்ணாத் தெரியுது. வலது கண்ணை வெச்சு ஓட்டிக்கிட்டிருக்கேன். அதுலயும் லேசா ஆரம்பிச்சிருக்குன்னு டாக்டர் சொல்றாரு."

மைக்கம்மாவுக்கு வாயில் வைத்த கவளம் அப்படியே நின்றுவிட்டது.

"ஆபரேஷனுக்கு அடுத்த மாசம் தேதி கொடுத்திருக்காங்க. முடிஞ்சா எல்லாம் சரியாயிடுமாம். அதுவரைக்கும் முதலாளி காதுக்குப் போகக் கூடாது. முன்னாடி இருந்தவர் ஒரு கல்யாண உடுப்பைக் கெடுத்ததுக்கு அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பினாரே, ஞாபகம் இருக்கா? கண்ணு தெரியாதவளை வெச்சு கறை எடுக்க அவருக்கு என்ன பைத்தியமா? என் வீட்டுல சம்பாதிக்கிறது நான் ஒருத்திதான். சத்தியமாச் சொல்லு, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு."

"சத்தியம் பண்ணக் கூடாதுன்னு வேதத்துல இருக்குக்கா. ஆனா சொல்ல மாட்டேன். ஜெபம் மட்டும் பண்ணிக்கிறேன்."

"பண்ணிக்கோ. அதுல எனக்கென்ன நஷ்டம்?"

நஷ்டம் புதன்கிழமை சாயங்காலம் வந்தது.

புதன்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டம். ஒவ்வொரு வாரம் ஒவ்வொரு வீடு. பாட்டு முடிந்ததும் ஜெபக் குறிப்பு கேட்பார்கள், அதாவது யாருக்காக, எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று. இந்த ஜெபக் குறிப்பு ஒரு தனி உலகம். தெருவில் நின்று சொன்னால் புறணி. கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் மற்றவருக்காகச் சுமக்கிற பாரம். "ஒரு குடும்பத்துக்காக ஜெபிச்சுக்கோங்க, விவரம் சொல்ல முடியாது" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "விவரம் தெரிஞ்சாத்தானே பாரத்தோட ஜெபிக்க முடியும்" என்று இன்னொருவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போடுவார். விவரம் வந்துவிடும். கண் காது மூக்கு வைத்துத்தான் வரும்.

மைக்கம்மா அந்த ரகம் இல்லை. குறிப்பு கேட்டபோது வாயைக் கெட்டியாக மூடிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் ஜெபத்தை முடித்து வைக்க வழக்கம்போல அவளைத்தான் சொன்னார்கள். எழுந்தாள், கண்ணை மூடினாள். கண்ணை மூடியதும் ஜன்னல் ஓரத்தில் தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் துணியைப் பார்க்கும் கறையக்கா கண்ணுக்குள் வந்து நின்றாள். அவ்வளவுதான். மடை திறந்துகொண்டது.

"ஆண்டவரே, பேர் சொல்ல வேணாம், உமக்குத் தெரியும்" என்று ஆரம்பித்தாள். பெயரைச் சொல்லவே இல்லை. மற்றதெல்லாம் சொல்லிவிட்டாள். கறை எடுக்கிற அந்தக் கைகளை நினைத்தருளும் என்றாள். மங்கிப்போன அந்த இடது கண்ணைத் தொடும் என்றாள். பழுப்புக்கும் கருப்புக்கும் வித்தியாசம் தெரியாமல் தவிக்கிற அந்த அக்காவின் வேலைக்கு முதலாளியால் ஆபத்து வராமல் வேலி அடைத்துக் காத்துக்கொள்ளும் என்றாள். குரல் தழுதழுத்தது. அறை முழுக்க விசும்பல். "ஆமென்" என்று எல்லாரும் சேர்ந்து சொன்னபோது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இந்த வாரம் நல்லா வந்துச்சு என்று மைக்கம்மாவுக்கே தோன்றியது.

கண்ணைத் திறந்தாள். எதிர் வரிசையில் முதலாளியின் அக்கா, அவரும் இதே சபைதான், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிகிற நேரத்தில் வந்து சேர்ந்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் கொட்டினாள். அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். பகல் முழுக்கப் பிள்ளைகளின் கூச்சலில் இருப்பதால் வீட்டில் தேவைக்கு மேல் ஒரு சொல் பேச மாட்டார்.

"நான் பேரே சொல்லலைங்க."

"முதலாளி கடையில கறை எடுக்கிறவங்க எத்தனை பேரு?"

"ஒருத்தங்கதான்."

அவர் எழுந்து தட்டைக் கழுவப் போய்விட்டார். அதற்குத் திட்டியிருந்தாலாவது பரவாயில்லை.

உடனே முதலாளியின் அக்காவுக்குப் போன் போட்டாள். "அக்கா, இன்னைக்கு ஜெபத்துல ஒரு விஷயம் வந்துச்சே, அதை வெளியில யார்கிட்டயும்..."

"ஐயோ, நான் ஏன் சொல்றேன்? நம்ம ஜெபச் சங்கிலியில மட்டும்தான் போட்டேன்."

ஜெபச் சங்கிலி என்பது போனில் இருக்கிற குழு. சபையின் பெண்கள் முக்கால்வாசிப் பேர் அதில் உண்டு. வெளியூர் போன பெண்களும் உண்டு, வேறு சபைக்கு மாறிப்போனவர்களும் உண்டு.

"தம்பிகிட்ட மட்டும் நேர்ல சொல்லணும்" என்று முதலாளியின் அக்கா தொடர்ந்தார். "ஊர்ல இல்ல, சனிக்கிழமை காலையில வர்றான்."

"வேணாம்க்கா, அவங்க வேலை போயிடும்க்கா."

"என் தம்பி கடை. நாளைக்கு ஒரு துணி கெட்டா அவன் பேரு கெடும். தெரிஞ்சும் மறைக்கச் சொல்றியா? அதுவும் பொய்தானே?"

அந்த அம்மாவைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. மைக்கம்மா போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் கடைக்குப் போனபோது கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு கால்சட்டைக்கு இரண்டு மடிப்பு விழுந்தது. காலர்கள் ஜெபம் இல்லாமலே நகர்ந்தன. சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு தடவை ஆவி அடங்கும்போதும் நினைப்பாள். நாக்கு நுனி வரைக்கும் வரும், மென்று விழுங்கிவிடுவாள். மத்தியானம் கறையக்கா தன் டப்பாவிலிருந்து பெரிய பங்கை எடுத்து இவள் பக்கம் தள்ளினாள். "என்னடி, முகம் வாடியிருக்கு? உடம்பு சரியில்லையா? சாயங்காலம் சீக்கிரம் கிளம்பு, மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து, சபையார் அப்பமும் திராட்சரசமும் வாங்குகிற நாள். அதற்கு ஆயத்தப்பட வேண்டும். காணிக்கை கொடுக்கப் போகிற இடத்தில், உன்மேல் ஒருவருக்குக் குறை இருக்கிறது என்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவரோடு சமாதானம் ஆகு என்பது இயேசு சொன்னது. சின்ன வயசிலிருந்து கேட்டது. மைக்கம்மா அதற்கும் ஒரு சந்து கண்டுபிடித்தாள். கறையக்காவுக்குத்தான் இன்னும் தெரியாதே, தெரியாதபோது என்மேல் குறை எப்படி வரும் என்று மனசுக்குள் வழக்காடிப் பார்த்தாள். வக்கீல் வேலைக்குப் போயிருக்கலாம். ஆனால் அந்த வாதம் சாயங்காலம் வரைக்கும்கூட நிற்கவில்லை.

பஸ்ஸுக்கு நிற்கும்போது இன்னொன்றும் அவளுக்குப் பட்டது. அது இதைவிடக் கசப்பு. அக்காவுக்காக அழுதது நிஜம்தான், பொய் இல்லை. ஆனால் அழும்போதே அறை விசும்புவது காதில் விழுந்துகொண்டிருந்தது. அது இனித்தது. அந்த ஆமெனுக்காக இன்னும் இரண்டு விவரம் சேர்த்தாள். பழுப்பும் கருப்பும் ஆண்டவருக்கு எதற்கு? அவருக்குத் தெரியாதா எந்தக் கண் என்று? அதெல்லாம் அந்த அறைக்காகச் சொன்னது. நட்டநடுத் தெருவில் நின்றுகொண்டு மைக்கம்மா வெட்கப்பட்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், கறையக்கா டப்பாவைத் திறக்கும் முன்னால், அவள் பலகைப் பக்கம் போய் நின்றாள்.

"அக்கா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"என்னது? கொஞ்சம் சத்தமாச் சொல்லு. ஊருக்கே கேக்குற தொண்டை, இன்னைக்கு என்ன ஆச்சு?"

மைக்கம்மா போய் இஸ்திரியின் ஆவிக் குழாயைத் திருகி மூடினாள். அறை அமைதியாகிவிட்டது. சொன்னாள். ஜெபக்கூட்டம், இடது கண், முதலாளியின் அக்கா, சங்கிலி, சனிக்கிழமை, எல்லாவற்றையும் சொன்னாள். பெயர் சொல்லவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்லத் தனக்கு யோக்கியதை இல்லை என்று தெரிந்துவிட்டது.

கறையக்கா கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"உன் சாமிக்குக் காது மந்தமா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா."

"அப்புறம் எதுக்கு அவ்வளவு சத்தமா சொன்ன? ஜெபம் பண்ணிக்கோன்னுதானே சொன்னேன். ஒலிபரப்பு பண்ணச் சொல்லலையே."

"மன்னிச்சிடுங்கக்கா."

"மன்னிச்சா கண்ணு தெரியுமா? வேலை நிக்குமா?" குரல் உடைந்துவிட்டது. "உன்னை ஒருத்தியைத்தான்டி நம்பினேன். என் பொண்ணுகிட்டகூட இன்னும் சொல்லல."

டப்பாவை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போய்விட்டாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக இரண்டு பேரும் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள். சாப்பிட்டார்கள் என்பது ஒரு பேச்சுக்கு. டப்பாக்கள் நிறைந்தபடியே வீடு திரும்பின.

சனிக்கிழமை மைக்கம்மா கடைக்கு வந்தபோது, கதவு திறக்கும் முன்பே கறையக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். முடியை இழுத்து வாரி, நல்ல உடுப்பு உடுத்தி வந்திருந்தாள். மைக்கம்மாவைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். முதலாளியின் கார் வந்து நின்றது. பெட்டியும் கையுமாக இறங்கினார். வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகக் கடைக்குத்தான் வந்திருக்கிறார். தன் அக்காவை இன்னும் பார்க்கவில்லை.

"முதலாளி, உள்ள வந்து ஒண்ணு பேசணும்" என்றாள் கறையக்கா.

மைக்கம்மாவும் பின்னாலேயே போனாள். கூப்பிடவில்லை, ஆனாலும் போனாள். வேலை போகிறதென்றால் தன்னையும் சேர்த்து அனுப்பச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் வசனம் தயார் செய்து வைத்திருந்தாள். மூன்று பேரும் மேஜையைச் சுற்றி நின்றதும் அதை ஆரம்பித்தாள்.

"முதலாளி, இதுல எல்லாத் தப்பும்..."

"நீ வாயை மூடு" என்றாள் கறையக்கா, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

மூடினாள். வாழ்க்கையில் அவள் செய்த வேலைகளிலேயே கஷ்டமான வேலை அதுதான். உதட்டைக் கடித்துக்கொண்டு, மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கறையக்கா கண்ணைப் பற்றிச் சொன்னாள், ஆபரேஷன் தேதியைச் சொன்னாள், மறைத்ததையும் சொன்னாள். "பயந்துட்டேன். அதுதான் காரணம், வேற ஒண்ணுமில்ல" என்று முடித்தாள்.

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தார். "துணி ஏதாவது கெட்டுச்சா?"

"ஒண்ணுகூட கெடல. சந்தேகமா இருந்தா தொடவே மாட்டேன். கறை போகாதுன்னு சொல்லித் திருப்பி அனுப்பிடுவேன்."

"ஓ" என்றார் முதலாளி. பிறகு கன்னத்தைத் தடவிக்கொண்டார். "அதான் விஷயமா? கொஞ்ச நாளா துணியெல்லாம் சும்மா திரும்பிப் போகுது, ஆளுங்க வந்து குறை சொல்றாங்க. உனக்கு வேலையில மனசு விட்டுப்போச்சுன்னு நினைச்சேன். வாயைத் திறந்து சொல்லவும் மாட்டேங்கிற. ஊர்லேர்ந்து வரும்போதே வேற ஒரு ஆளைப் பேசி வெச்சுட்டுத்தான் வந்தேன்."

மேஜை மேல் இருந்த கார் சாவியை அவர் எடுத்து ஓரமாக வைத்தார்.

"சோம்பேறித்தனத்துக்கு மருந்து இல்ல. கண்ணுக்கு இருக்கே" என்றார் முதலாளி. "அந்த ஆளை வர வேணாம்னு சொல்லிடுறேன். நீ போய் ஆபரேஷனை முடிச்சுட்டு வா. அதுவரைக்கும் நீ தனியா எதையும் முடிவு பண்ணக் கூடாது. பக்கத்துல ஒரு ஆள் நின்னு நிறத்தைப் பார்த்துச் சொல்லணும்." மைக்கம்மா பக்கம் திரும்பினார். "இவங்க நிக்கட்டும். கண்ணு நல்லாத் தெரியும்ல?"

மைக்கம்மா தலையை மட்டும் ஆட்டினாள். வாயைத் திறக்க இன்னும் உத்தரவு வரவில்லையே.

வெளியே வந்ததும் கறையக்கா சுவரில் சாய்ந்து நீளமாக மூச்சு விட்டாள். மைக்கம்மாவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கையைப் பிடிக்கப் போனாள். கறையக்கா கையை இழுத்துக்கொண்டாள்.

"ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. உன் வாயால என் வேலை பொழைச்சதுன்னு உங்க சபையில எழுந்து சாட்சி சொன்னே, அவ்வளவுதான். நீ செஞ்சது செஞ்சதுதான். நல்லபடியா முடிஞ்சது உன்னால இல்ல."

பாருங்கள், சபைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவளுக்கு எவ்வளவு சரியாகத் தெரிந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை உண்மையிலேயே அது நடந்தது. கர்த்தர் செய்த நன்மைகளைச் சாட்சியாகச் சொல்ல யாருக்காவது விருப்பமா என்று பாஸ்டர் கேட்டார். ஓரத்தில் இருந்தவர் பழக்கதோஷத்தில் மைக்கை இன்னும் தூரத் தள்ளி வைத்தார். பாதிச் சபை மைக்கம்மாவைத் திரும்பிப் பார்த்தது. எவ்வளவு அருமையான சாட்சி அவளிடம் இருந்தது! கேட்டால் கல்லும் கரையும். முழங்கால்கூட ஒரு அங்குலம் எழும்பியது. மைக்கம்மா இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

திருவிருந்துக்கும் அவள் போகவில்லை. அக்காவின் மனசு இன்னும் ஆறவில்லை என்று தெரியும். மன்னிப்புக் கேட்டாயே, அது போதும் என்று யாராவது சொல்லியிருந்தால் போயிருக்கலாம், யாரையும் கேட்கவில்லை. கணவர் அவளைக் கடந்து போகும்போது தோளை லேசாகத் தொட்டுவிட்டுப் போனார்.

அடுத்த புதன்கிழமை ஜெபக் குறிப்பு கேட்டபோது மட்டும் எழுந்தாள். "போன வாரம் நான் பண்ணினது ஜெபம் இல்ல. ஒருத்தங்க எங்கிட்ட நம்பிச் சொன்னதை உங்க முன்னாடி போட்டு உடைச்சேன். சங்கிலியில இருக்கிறதை அழிச்சிடுங்க, தயவுசெஞ்சு. அதைப் பத்தி என்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க" என்றாள். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்ட ஒருவர் மெதுவாகப் பின்னால் தள்ளிக்கொண்டார். முதலாளியின் அக்கா போனை எடுத்து எதையோ அழித்தார். அவருக்கும் காது சிவந்திருந்தது.

கடையில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். பேச்சு மட்டும் கிடையாது. துணி வரும்.

"பழுப்பா, கருப்பா?"

"பழுப்பு."

"ஓரத்துல வளையம் இருக்கா?"

"இருக்குக்கா."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

"இருக்கு."

இப்படியே போயிற்று. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்வது மைக்கம்மாவுக்குப் புதுப் பாஷை கற்றுக்கொள்வது மாதிரி இருந்தது. ஆனால் கற்றுக்கொண்டாள். ஒருநாள் யாரோ ஒரு கனவானின் வெள்ளைச் சட்டையில் உதட்டுச்சாயம் இருந்தது. கறையக்கா, "இது என்ன?" என்றாள். மைக்கம்மா பார்த்தாள். வாய் துறுதுறுத்தது. "சிவப்பு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். கறையக்கா ஒற்றைக் கண்ணால் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். மைக்கம்மாவும் சிரித்தாள். அன்று மத்தியானம் இரண்டு டப்பாவும் ஒரே பெஞ்சில் திறந்தன.

ஆபரேஷன் அன்று கூட இருக்க மகள் வந்திருந்தாள். ஆனால் உள்ளே கூட்டிப்போகும் முன்னால் கறையக்கா, "அவளைக் கூப்பிடு" என்றாள். மைக்கம்மா வந்து கட்டில் பக்கத்தில் நின்றாள்.

"ஜெபம் பண்ணு."

"இங்கேயாக்கா?"

"மனசுக்குள்ள."

மைக்கம்மா கண்ணை மூடினாள். சத்தமே இல்லாமல் ஜெபிக்க முடியும் என்று அவளுக்கு இப்போது தெரியும், இருந்தாலும் உதடு கொஞ்சம் அசைந்தது. கறையக்கா அதை விட்டுவிட்டாள்.

கட்டு அவிழ்த்தபோது அவள் முதலில் பார்த்தது மகளை. இரண்டாவதாக மைக்கம்மாவை. நெடுநேரம் பார்த்துவிட்டு, "உனக்கு இவ்வளவு நரைச்சிருக்கா? ஒருத்தரும் சொல்லலையே" என்றாள். செவிலி வந்து, இங்கே இவ்வளவு சத்தமாகச் சிரிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். சிரித்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

வேலைக்குத் திரும்பிக் கொஞ்ச நாள் ஆகியிருக்கும். இனிமேல் பக்கத்தில் ஆள் நிற்கத் தேவையில்லை. கறையக்கா தனியாகவே எல்லாவற்றையும் பார்த்தாள், முதலாளியும் குறை சொல்லவில்லை. ஒரு மத்தியானம் சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தவள், துடைப்பதை நிறுத்தினாள். அறையில் வேறு யாரும் இல்லை.

"கிட்ட வா. ஒண்ணு சொல்லணும். வேற யாருக்கும் தெரிய வேணாம்."

மைக்கம்மா பயந்துவிட்டாள். "என்கிட்டயாக்கா? வேணாம்க்கா. வேற யார்கிட்டயாவது சொல்லுங்க."

"வேற யார்கிட்டச் சொல்றது? வா."

காதோடு சொன்னாள். சின்ன விஷயமா, பெரிய விஷயமா, நல்லதா, கெட்டதா, சந்தோஷமா, துக்கமா, ஒன்றும் நமக்குத் தெரியாது. கேட்டுக்கொண்டிருந்த மைக்கம்மாவின் கண்கள் நிறைந்து வழிந்தன. அது அந்த விஷயத்துக்காக இல்லை. அதைத் தன்னிடம் சொல்கிறாளே என்பதற்காக. அந்த ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து வரிசையில் முதல் ஆளாக நின்றது அவள்தான்.

புதன்கிழமை ஜெபக் குறிப்பு கேட்டார்கள். "எனக்கு ஒண்ணு இருக்கு. யாரு, என்னன்னு ஆண்டவருக்குத் தெரியும்" என்று உட்கார்ந்துவிட்டாள். வீட்டில் கணவர், அதிசயமாக அவராகவே, "அக்கா என்ன சொன்னாங்க?" என்று கேட்டுப் பார்த்தார். ஒன்றும் பெயரவில்லை. சோறு இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்டாள்.